உவர்மலைப் பியானோவின் பெயரும் பெறுமதியும்

பழைய பியானோ ஒன்றின் விலையை என்னிடம் விசாரிப்பவர்கள் அநேகமாக ஒரேயொரு தகவலைத்தான் தருகிறார்கள்: கட்டைகளை மூடும் பலகையின் உட்புறத்தில் பொன்னெழுத்தில் எழுதியிருக்கும் பெயர். அந்தப் பெயரைச் சொல்லிவிட்டால் விலை தானாக வந்துவிடும் என்று நம்புகிறார்கள். அந்தப் பெயர் செய்தவருடையதா, விற்றவருடையதா, எந்தக் காலத்துக்குரியது என்று தேடுவது ஒரு வேலை. உள்ளே இருக்கும் இரும்பும் மரமும் கம்பியும் இன்று என்ன நிலையில் இருக்கின்றன என்று பார்ப்பது முற்றிலும் வேறொரு வேலை. முதலாவது வேலை எனக்கு மிகவும் பிடித்தமானது, அதற்காக எத்தனை இரவுகளையும் செலவிடுவேன். ஆனால் திருகோணமலையைப் போன்ற கடலோர ஊரில் பெறுமதியைத் தீர்மானிப்பது இரண்டாவது வேலைதான் என்பதை அண்மையில் பார்த்த ஒரு பியானோவை வைத்துச் சொல்ல விரும்புகிறேன்.

உவர்மலையில் எங்கள் குடும்பத்துக்கு நெடுங்காலமாகத் தெரிந்த அன்ரி ஒருவர் வீட்டை விற்றுவிட்டுக் கனடாவில் இருக்கும் மகளிடம் போக ஆயத்தமானபோது, பாடசாலையில் மேற்கத்திய இசை கற்பிப்பவள் என்ற முறையில் என்னை அழைத்துத் தம் பியானோவைக் காட்டினார்.

“பிள்ளை, இது இருநூறு வருசத்துப் பியானோ எண்டு ஐயா சொல்லுவார். நேவியில இருந்த வெள்ளைக்காரன் ஒராள் ஊருக்குப் போகேக்க குடுத்திட்டுப் போனதாம். நல்ல விலைக்குப் போகும்தானே?”

குடும்பக் கதைகளை நான் ஒருபோதும் தட்டிவிடுவதில்லை, ஏனெனில் அவற்றில் ஒரு பாதியாவது உண்மையாக இருக்கும். இங்கே கடற்படைப் பாதி நம்பக்கூடியதே. 1957இல் பிரித்தானியக் கடற்படை திருகோணமலைத் தளத்தை இலங்கையிடம் கையளித்துப் புறப்பட்டபோது, கப்பலில் ஏற்றிச் செல்வதற்குப் பெறுமதியில்லாத கனத்த தளபாடங்கள் ஊருக்குள் கைமாறியிருப்பது இயல்பு. இருநூறு வருடம் என்ற பாதியைத்தான் ஏற்க முடியவில்லை. முன்பலகையைத் தாங்கியிருந்த இரண்டு மரத் திருகுகளையும் திருப்பிப் பலகையைக் கழற்றியதும், மேலிருந்து கீழ்வரை ஒரே வார்ப்பாக ஓடும் இரும்புச் சட்டகம் தெரிந்தது. அத்தகைய முழுச் சட்டகத்துக்கான காப்புரிமையை பொஸ்ரனைச் சேர்ந்த அல்ஃபியஸ் பாப்கொக் பெற்றதே 1825இல்தான், அதுவும் மேசை வடிவச் சதுரப் பியானோவுக்கு. லண்டன் நிறுவனங்கள் மரத்தை விட்டு இரும்புக்கு முழுமையாக வருவதற்குப் பல பத்தாண்டுகள் பிடித்தன. ஆகவே சுவரோடு நிறுத்தும் இந்த நெட்டைப் பியானோ பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதிக்கு முந்தியதாக இருக்க இடமில்லை.

மூடியில் இருந்த பெயரில் “பிரின்ஸ்மீட்” என்பது மட்டும் தெளிவாக வாசிக்கக்கூடியதாக இருந்தது. அதற்கு முன்னால் இருந்த எழுத்துகளைத் தலைமுறை தலைமுறையாகத் துடைத்த துணி அழித்துவிட்டிருந்தது. இந்தப் பெயரில் அந்த முன்னெழுத்து மிகவும் முக்கியமானது. டெவன் மாவட்டத்தில் 1814இல் பிறந்து, 1830களில் லண்டனில் தொழில் தொடங்கி, 1878ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியில் பிரான்சின் லெஜியன் ஒஃப் ஹொனர் விருதைப் பெற்ற ஜோன் பிரின்ஸ்மீட்டின் நிறுவனம் அக்காலத்து ஆங்கிலப் பியானோக்களில் மதிப்பு மிக்கவற்றுள் ஒன்று. அந்த மதிப்பில் பங்கு கேட்டு, அவரிடம் முன்பு வேலை செய்த, அதே குடும்பப் பெயர் கொண்ட மூவர் 1890களின் நடுவில் தோமஸ் எட்வர்ட் பிரின்ஸ்மீட் அன்ட் சன்ஸ் என்ற பெயரில் ஒரு கம்பனியைத் தொடங்க ஏதுவானார்கள். அசல் நிறுவனம் நீதிமன்றத்துக்குப் போனது. புதிய கம்பனி அந்தப் பெயரைப் பயன்படுத்தத் தடை வந்தது, கடைசியில் கம்பனியையே கலைக்குமாறு உத்தரவாயிற்று. கம்பனிச் சட்டம் படிக்கும் மாணவர்கள் இன்றும் வாசிக்கும் வழக்கு இது. ஒரு பெயரின் அருகிலேயே இன்னொரு பெயர் உட்கார்ந்து வியாபாரம் செய்த அந்தக் காலத்துப் பியானோவைப் பார்க்கும்போது, “பிரின்ஸ்மீட்” என்று மட்டும் கண்டு மகிழ்ந்துவிடக் கூடாது.

யன்னல்களைச் சாத்திவிட்டு, ரோச் லைற்றை மூடிப் பலகையோடு பலகையாகப் படுக்க வைத்து ஒளியைப் பக்கவாட்டில் ஓடவிட்டேன். பொன் போய்விட்டிருந்தாலும், எழுத்து இருந்த இடத்தில் மெருகெண்ணெய் வேறு விதமாகப் பழுத்திருந்தது. சரிவான ஒளியில் “ஜோன்” என்ற சொல்லின் நிழல் மெல்லிய மேடுகளாக எழுந்து வந்தது. பழைய பியானோவைப் பார்க்கப் போகும் எவரும் இதைச் செய்து பார்க்க வேண்டும், ஏனெனில் துடைப்பால் அழிந்த பெயர்களில் பல இவ்வாறு திரும்பக் கிடைக்கின்றன. ஆனால் மூடியை மட்டும் நம்பக் கூடாது என்பதால் உள்ளே இருக்கும் சாட்சிகளையும் தேடினேன். சட்டகத்தின் வார்ப்பில் ஜோன் பிரின்ஸ்மீட் அன்ட் சன்ஸ் என்று முழுப்பெயரும் இருந்தது. மூடியை ஒரு மணி நேரத்தில் மாற்றிவிடலாம், இரும்பு வார்ப்பை மாற்ற முடியாது. கட்டைகளின் ஒரு ஓரத்தில் கொழும்பு வியாபாரி ஒருவருடைய சிறிய பித்தளைத் தகடும் இருந்தது. இப்படிப்பட்ட தகட்டைக் கண்டு அதையே தயாரிப்பாளரின் பெயராக எடுத்துக்கொள்பவர்கள் அநேகர். சென்னையில் 1842இல் தொடங்கிய மிஸ்க்வித் கடை, இன்றைய மியூசி மியூசிக்கல், போன்ற பெரிய வியாபாரிகளின் பெயர்கள் ஆசியாவின் பல பியானோக்களில் காணப்படுவது அவர்கள் விற்றார்கள் என்பதற்கான சாட்சி மட்டுமே.

காலத்தைக் கணிப்பதில் எனக்கு மிகவும் பிடித்தது முகவரி. லண்டனைத் தபால் வட்டாரங்களாகப் பிரித்து எழுத்துகள் கொடுத்தது 1850களின் இறுதியில்; அந்த எழுத்துகளோடு இலக்கம் சேர்க்கப்பட்டது முதலாம் உலகப் போர்க் காலத்தில், 1917இல். இந்தப் பியானோவின் உள்ளே ஒட்டியிருந்த காகிதத்தில் விக்மோர் வீதி, லண்டன், டபிள்யூ. என்று இருந்தது. இலக்கம் இல்லை. அதே காகிதத்தில் 1878ஆம் ஆண்டுப் பதக்கமும் குறிப்பிடப்பட்டிருந்தது. அதற்கு முன்னர் அக்காகிதம் அச்சாகியிருக்க முடியாது. இவ்வாறு இரண்டு பக்கமும் வேலி போட்டாயிற்று. பதக்கப் பட்டியல்களைப் பார்ப்பவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: பதக்கத்தின் ஆண்டு, பியானோ அதற்குப் பின்னர் செய்யப்பட்டது என்பதை மட்டுமே சொல்கிறது, அது அந்த ஆண்டில் செய்யப்பட்டது என்று சொல்வதில்லை. கண்காட்சியில் பரிசு பெற்ற பியானோவே தம் வீட்டுக்கு வந்திருக்கிறது என்று நம்பும் வீட்டுக்காரர்களைக் கண்டிருக்கிறேன். அரச குடும்பத்துக்கு வழங்குநர் என்ற வாசகங்களும் இதே போல உதவும். “மாட்சிமை தங்கிய அரசி” என்று ஆளும் அரசியைக் குறித்திருந்தால், விக்டோரியா இறந்த 1901க்கு முந்தியதாகவோ, 1952க்குப் பிந்தியதாகவோ இருக்க வேண்டும். ஜேர்மனியில் செய்யப்பட்டது என்று ஆங்கிலத்தில் பொறித்திருந்தால் 1887க்குப் பிந்தியது என்று பெரும்பாலும் துணிந்து சொல்லலாம், ஏனெனில் பிரித்தானியச் சந்தைக்கு வரும் அந்நியப் பண்டங்களில் அவை செய்யப்பட்ட நாட்டின் பெயர் இடம்பெற வழிசெய்த சட்டம் அந்த ஆண்டில்தான் வந்தது.

வேலியின் உள்ளே ஆண்டைக் குறுக்குவதற்குத் தொடர் இலக்கம் வேண்டும். அது எப்போதும் ஓரிடத்தில் இருப்பதில்லை: சட்டகத்தின் மேற்பகுதி, கம்பிகளின் ஒலியைப் பெருக்கும் ஒலிப்பலகையின் முதுகு, இடது ஓரக் கட்டையின் பக்கவாட்டு, மேல் மூடியின் அடிப்புறம் என்று எங்கும் இருக்கலாம். வார்ப்பு அச்சின் இலக்கத்தையும் காப்புரிமை இலக்கத்தையும் தொடர் இலக்கமாக எடுத்துக்கொள்வது மிகவும் சாதாரணமாக நடக்கிறது. ஒரே இலக்கம் குறைந்தது இரண்டு இடங்களில் தென்பட்டால் அது தொடர் இலக்கம் என்று நான் எடுத்துக்கொள்கிறேன். கண்டெடுத்த இலக்கத்தை பியர்ஸ் பியானோ அட்லஸ் போன்ற தொகுப்புகளில் உள்ள ஆண்டு அட்டவணையோடு ஒப்பிடலாம். புரோட்வுட் என்ற இங்கிலாந்து நிறுவனத்தின் பியானோ வைத்திருப்பவர்களுக்குக் கூடுதல் பாக்கியம் உண்டு: அந்த நிறுவனத்தின் பழைய பதிவேடுகள் இங்கிலாந்தின் சரே வரலாற்று நிலையத்தில் பாதுகாக்கப்பட்டிருக்கின்றன. அன்ரியின் பியானோவுக்கு அட்டவணை காட்டியது 1890களின் கடைசி ஆண்டுகளை. முகவரியும் பதக்கமும் அதனுடன் பொருந்தின. முதற்கட்டையை மெதுவாகத் தூக்கி எடுத்தபோது அதன் பக்கவாட்டில் பென்சிலால் ஒரு கையொப்பமும், கொழும்பு என்ற சொல்லும், 1930களின் ஓர் ஆண்டும் இருந்தன. சுருதி சேர்க்க வந்தவர்கள் இவ்வாறு குறித்து வைப்பது வழக்கம். எனக்கு அந்தப் பென்சில் கோடுகள் பொன்னெழுத்தை விட அருமையானவை. 1957இல் கைமாறுவதற்கு முன்னரே அந்தப் பியானோ நெடுங்காலம் இலங்கையில் இருந்திருக்கிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

பெயரும் காலமும் உறுதியாயின. இனி விலை.

அந்தக் காலத்து ஆங்கிலப் பியானோக்களில் பெரும்பாலானவை ஏழு சுரவட்டங்களும் எண்பத்தைந்து கட்டைகளும் கொண்டவை. இன்றைய பியானோவில் எண்பத்தெட்டு. மூன்று கட்டைகள் குறைவதால் மாணவருக்குப் பெரிய இடைஞ்சல் இல்லை. கம்பிகள் கட்டப்பட்ட விதம்தான் முக்கியம். இதில் கம்பிகள் எல்லாம் ஒரே திசையில் அருகருகே ஓடின. தாழ்ந்த சுரங்களுக்குரிய மந்திரக் கம்பிகள் மற்றவற்றின் மேலே குறுக்காகப் போகும் முறையில் அதே உயரத்துக்குள் நீளமான கம்பிகளைக் கட்டலாம், ஒலிப்பலகையின் நடுப்பகுதியையும் அவை அசைக்கும். நேராகக் கட்டியவற்றில் மந்திரத்தின் ஆழம் எப்போதும் சற்றுக் குறைவு. மேலும் நாதத்தை அடக்கும் டாம்பர்கள் இதில் சுத்தியல்களுக்கு மேலே, தனியான நீண்ட கம்பிகளின் நுனியில் தொங்கின. முன்பலகையைக் கழற்றினால் பறவைக் கூட்டைப் போலத் தெரியும் அமைப்பு இது. சுரக் கம்பியின் நுனிப் பகுதியில் அழுத்துவதால் நாதத்தை உடனே அடக்க இதற்கு இயலாது. கட்டையிலிருந்து விரலை எடுத்த பின்னும் ஒலி இழுபடும். இந்த இரண்டு அம்சங்களும் இருந்தால், பெயர் எவ்வளவு கௌரவமானதாக இருந்தாலும், சந்தையில் அதற்கு உச்ச விலை இல்லை.

அடுத்தது சுருதி ஆணிகள். கம்பிகள் எல்லாமாகச் சேர்ந்து பத்துத் தொன்னுக்கும் மேற்பட்ட இழுவையைச் சட்டகத்தின் மேல் சுமத்துகின்றன; அந்த இழுவையை விடாமல் பிடித்திருப்பது ஆணிகள் இறங்கியிருக்கும் கடினமரப் பலகை. நம் ஊரில் மார்கழி மழையில் அந்த மரம் ஈரத்தை உறிஞ்சி வீங்குகிறது. வைகாசி தொடங்கிக் கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் உலர்ந்து சுருங்குகிறது. நூற்றுக்கும் மேற்பட்ட ஆண்டுகள் இப்படி வீங்கிச் சுருங்கிய மரத்தில் ஆணியின் துளை தளர்ந்துவிடும். சுருதிச் சாவியை ஆணியில் மாட்டி மெதுவாகத் திருப்பும்போது கைக்கு எதிர்ப்புத் தெரிய வேண்டும். இங்கே நடுச்சுரங்களில் எதிர்ப்பு இருந்தது. உச்சப் பகுதியில் பல ஆணிகள் நழுவின. கடற்காற்றின் உப்பு மந்திரக் கம்பிகளின் செப்புச் சுற்றைப் பச்சையாக்கியிருந்தது. அடித்தால் சுரத்துக்குப் பதிலாக மொத்தையான தட்டல்தான் வந்தது. சுருதிக் கவையோடு ஒப்பிட்டபோது நடு ‘ஏ’ சுரம், இன்றைய அளவான வினாடிக்கு 440 அதிர்வுகளுக்குப் பதிலாக 415க்கும் கீழே இருந்தது, அதாவது அரைச் சுரத்துக்கும் மேலான இறக்கம். 440 என்ற அளவே 1939இல் லண்டனில் கூடிய சர்வதேச மாநாட்டில்தான் ஏற்றுக்கொள்ளப்பட்டது. அதற்கு முன்னர் இங்கிலாந்தில் 452 வரையிலான உயர்ந்த சுருதியும் வழக்கில் இருந்தது. ஆகவே இந்தப் பியானோ அதன் இளமையில் இன்றைய அளவை விட உயர்ந்த இழுவையைத் தாங்கியிருக்கலாம். ஆனால் துருப்பிடித்த பழைய கம்பிகளை ஒரே நாளில் 440க்கு ஏற்ற முனைந்தால் அவை ஒவ்வொன்றாக அறுந்துபோகும்.

கீழ்ப்பலகையைக் கழற்றிக் குனிந்து பார்க்க அன்ரிக்கு விருப்பமில்லை, எனக்கும் சற்றுத் தயக்கமாகவே இருந்தது, ஏனெனில் திருகோணமலையில் பழைய மரத்தைத் திறப்பவர் முதலில் எதிர்பார்ப்பது கறையான் புற்றைத்தான். அடிச்சட்டத்தை விரலால் தட்டிக்கொண்டே போனேன். வலது மூலையில் ஓரிடத்தில் மட்டும் ஒலி வெறுமையாக இருந்தது. பழைய புற்று, உயிரில்லை. சட்டகத்தில் வெடிப்பு இல்லை என்பதுதான் பெரிய ஆறுதல். ஒலிப்பலகையில் இருந்த நீண்ட கீறலைப் பார்த்து அன்ரி முகம் வாடினார். அதற்காகக் கவலைப்பட வேண்டியதில்லை என்று விளக்கினேன்: முதுகிலுள்ள விலாச் சட்டங்கள் பலகையை விடாமல் பிடித்திருக்கும் வரை கீறல் நாதத்தைக் கெடுப்பதில்லை. சட்டகம் வெடித்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

கட்டைகளின் மேற்பூச்சு தந்தம். ஒவ்வொரு வெள்ளைக் கட்டையிலும் முன்பகுதியும் ஒடுங்கிய பின்பகுதியும் தனித்தனித் துண்டுகளாகச் சேர்ந்திருக்கும் மெல்லிய கோடும், ஒளியில் தெரியும் நுண்ணிய ரேகைகளும் அதைக் காட்டின. செல்லுலாய்டு என்றால் ஒரே துண்டாக, ரேகையின்றி இருக்கும். இதை நான் அன்ரியிடம் மிகவும் அழுத்திச் சொன்னேன், காரணம் இரண்டு. பியானோவை விட அதன் தந்தத்துக்கு விலை உண்டு என்று சொல்லிக்கொண்டு வருபவர்களுக்குக் கதவைத் திறக்கக் கூடாது. இலங்கையில் தந்த வியாபாரம் சட்ட விரோதம். மகள் ஆசைப்பட்டது போல அதைக் கப்பலில் கனடாவுக்கு அனுப்புவதாயின், அருகிவரும் உயிரினங்களின் வர்த்தகம் பற்றிய சர்வதேச உடன்படிக்கையின் கீழ் அனுமதிப்பத்திரங்கள் பெற வேண்டும். பிரித்தானியாவில்கூட 1975க்கு முந்திய, தந்தம் ஐந்திலொரு பங்குக்கும் குறைவாக உள்ள வாத்தியங்களைப் பதிவு செய்துதான் விற்கலாம்.

இணையத்தில் பிரின்ஸ்மீட் பியானோக்களுக்குக் கேட்கப்படும் தொகைகளை அன்ரியின் மகள் அனுப்பியிருந்தார். அவை எல்லாம் கேட்ட விலைகள், கிடைத்த விலைகள் அல்ல. அவற்றுள் பெரிய தொகைகள் நிபுணர்கள் முற்றாகப் புதுப்பித்த வாத்தியங்களுக்குரியவை. இங்கிலாந்திலேயே புதுப்பிக்கப்படாத அந்தக் காலத்து நெட்டைப் பியானோவை இலவசமாகக் கொடுத்தாலும் எடுக்க ஆளில்லாமல், அகற்றுவதற்குப் பணம் கொடுக்கிறார்கள். ஸ்ரெயின்வே, பெக்ஸ்ரைன், புளூத்னர் ஆகியவற்றின் கிராண்ட் பியானோக்களுக்குப் பழமைக்கும் விலையுண்டு; அந்த விதியைச் சுவர்ப் பியானோக்களுக்குப் பொருத்த முடியாது. பெயர் மட்டும் நீண்டு வாழ்வதும் உண்டு: 1920களின் தொடக்கத்தில் பிரின்ஸ்மீட் ஆலை நின்றுபோன பின்னும், பெயர் வேறு நிறுவனங்களின் கைக்கு மாறிப் புதிய பியானோக்களில் எழுதப்பட்டே வந்தது.

நான் கணக்குப் பார்க்கும் முறை இது. கொழும்பில் நல்ல நிலையில் விற்கப்படும் பழைய ஜப்பானியப் பியானோ, யமஹாவோ கவாயோ, ஒன்றின் விலையை எடுத்துக்கொள்கிறேன். பரீட்சைக்கு ஆயத்தமாகும் பிள்ளையின் பெற்றோர் ஒப்பிடுவது அதனோடுதான். அதிலிருந்து புதிய கம்பிகள், பருத்த ஆணிகள், ஃபெல்ட் என்ற தடித்த கம்பளித் துணி, சுமார் 260 கிலோமீற்றர் தொலைவிலிருந்து சுருதி சேர்ப்பவர் பல முறை வந்து தங்கும் செலவு ஆகியவற்றைக் கழிக்கிறேன். அத்தனையும் செய்த பிறகும் கைக்கு வருவது நேர்க்கம்பியும் மேல்டாம்பரும் கொண்ட வாத்தியமே என்பதற்காக இன்னொரு பங்கைக் கழிக்கிறேன். அன்ரியின் பியானோவில் மிஞ்சியது ஒரு நல்ல அலுமாரியின் விலை.

அதைச் சொல்வது எளிதாக இருக்கவில்லை. அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அப்ப இதைக் கவனமா வச்சிருக்கிற ஆளாப் பாத்துக் குடுப்பம் பிள்ளை” என்றார். எனக்கு அது சரியான முடிவாகவே பட்டது. ஒரு வாத்தியத்தின் வரலாறு அதன் விலையை உயர்த்தாவிட்டாலும், அதைத் தெரிந்து வாங்குபவர் அதை எளிதில் விறகாக்க மாட்டார் என்று உறுதியாக நம்புகிறேன்.

பாலையூற்றில் சிறுபிள்ளைகளுக்குப் பியானோ கற்பிக்கும் ரீச்சர் ஒருவர் அந்த விலையைக் கொடுத்து வாங்கினார். தயாரிப்பாளர், தொடர் இலக்கம், கணித்த காலம், தளர்ந்த ஆணிகள், தந்தக் கட்டைகள், பழைய புற்று என்று நல்லதும் கெட்டதும் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, விற்றவரும் வாங்கியவரும் கையொப்பமிட்டுக் கொண்டார்கள். கொழும்பிலிருந்து வந்து பார்த்த சுருதி சேர்ப்பவர் உடனே 440க்கு ஏற்ற மறுத்துவிட்டார். பியானோவை வெளிச்சுவரில் சாய்க்காமல் உட்சுவரோடு ஒரு கையளவு இடைவெளி விட்டு வைக்கும்படியும், முதலில் அதனோடு அதுவே ஒத்திசையும் அளவுக்கு இறங்கிய சுருதியிலேயே சேர்த்துவிட்டு, வாடைக்காலம் முடிந்து மாசியில் மரம் ஓரளவு உலர்ந்த பின்னர் உச்சப் பகுதிக்கு மட்டும் பருத்த ஆணிகள் போட்டுச் சற்று ஏற்றலாம் என்றும் சொல்லியிருக்கிறார். அதுவரை பிள்ளைகள் தனியாக வாசிக்கும் பாடங்களை அதில் பழகுகிறார்கள். வயலினோடு சேர்ந்து வாசிக்க வேண்டியவற்றுக்கு ரீச்சர் மின்கீபோர்டைப் பயன்படுத்துகிறார்.